துவக்குக்கு இரண்டு கால்

அன்புள்ள அம்மா,

முழங்கால் நோவு குறைந்ததா? எசன் நகரில் நான் சுகமாக இருக்கிறேன். எங்கள் கடைத் துவக்குகள் வேட்டைக்காரருக்குத்தான், பயப்படாதீர்கள்.

நேற்று கை நடுங்கும் ஜேர்மன் முதியவர் ஒருவர், துவக்கைத் தாங்கும் இரட்டைக்கால் கேட்டு வந்தார். படுத்துச் சுடுபவர் என்பதால் குட்டைக் கால்களைத் தேர்ந்து, முன்பக்கத்தில் திருகி, தரையில் நிறுத்திக் காட்டினேன். எழும்பும்போது என் கால் துவக்கில் பட்டுவிட்டது. உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அவர் முழித்தார்.

"வேலைச் சாமானிலை கால் பட்டால் இப்பிடிச் செய்யோணுமெண்டு அம்மா பழக்கினவ" என்றேன்.

அவரும் தொட்டு ஒற்றிக்கொண்டார். உங்களுக்குத் துவக்கே ஆகாது என்பதை நான் சொல்லவில்லை.

எண்ணெய் துடைக்க மெல்லிய துணி வேண்டும். நீங்கள் உடுத்த பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். கடை திறக்கும் நேரம், ஓடுகிறேன். சேலையைத் தோய்க்க வேண்டாம்.

உங்கள்
சேயோன்