இடப்பக்கத்து ஊசித் துளை

ஜூன் 11, செவ்வாய்

பதினேழாம் எலியின் மூளையை இன்று வெட்டி முடித்தேன். தொண்ணூற்றாறு சீவல்கள், ஒன்றுகூடக் கிழியவில்லை. டனீடினில் இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இப்படி வெட்ட இன்னொரு கை இருந்தால் வரட்டும், பார்க்கலாம். மீசை முடியின் தொடு உணர்வை வாங்கும் மூளை மேற்பட்டையில், இடப்பக்கமாக எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் ரோட்ரிக் சாயம் ஏற்றுவார். அது நரம்பிழை வழியே மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் என்ற பகுதி வரை இறங்கிப் பச்சையாக மின்னும். கண்டுபிடிப்பு அவருடையதுதான். நான் வெட்டாவிட்டால் எதைப் பார்ப்பாராம்?

ஜூன் 13, வியாழன்

காய்ச்சல். பதினெட்டாவதையும் வெட்டிக் கண்ணாடித் தகடுகளில் ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

காலைத் தேநீரின்போது, எல்லார் முன்னாலும் ரோட்ரிக் சொன்னார்: "கெய்லீன், பதினேழு, பதினெட்டு ரெண்டுலயும் சாயம் வலப்பக்கம் தெரியுது. சீவலைத் திருப்பி ஒட்டிட்டீங்க. காய்ச்சலோட வேலை பார்த்தா இப்படித்தான். அந்த ரெண்டு எலியையும் கணக்குல சேர்க்க வேண்டாம்."

தப்பு செய்தவர் கேக் செய்து கொண்டுவர வேண்டும், அது எங்கள் கூடத்து வழக்கம். "ஆன்ட்டி, எனக்கு எலுமிச்சை கேக்" என்றாள் அனாஹேரா. ஆராய்ச்சிக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, வாயைப் பார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெட்டுவதற்கு முன், முழு மூளையின் இடப்பக்கம் ஊசியால் ஒரு துளை போடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகச் செய்வது. சீவல் திரும்பியிருந்தால் துளை வலப்பக்கம் தெரியும். பதினேழுக்குப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. பதினெட்டுக்கு? கண்ணாடிகள் ரோட்ரிக் அறையில், பூட்டுக்குள். தேநீர் முடிந்ததும் அவர் கிறைஸ்ட்சர்ச்சுக்குக் கிளம்பிவிட்டார், திங்கள்தான் வருவார்.

ஜூன் 22, சனி

போட்டேனா, போடலியா? காய்ச்சல்ல ஒண்ணுமே ஞாபகம் இல்லையே. சோறு இறங்கல — சீஸ் ரோல் ரெண்டு சுட்டேன், அப்படியே கிடக்கு. இருபத்திரண்டு வருஷம் ஒரே நாள்ல போச்சா?

ஜூன் 24, திங்கள்

நுண்ணோக்கியில் நானே உட்கார்ந்தேன். பதினேழு: துளை இடம், சாயம் வலம். பதினெட்டு: துளை கொஞ்சம் சாய்ந்திருந்தது, காய்ச்சலில் போட்டதல்லவா. ஆனால் இடம்தான். சீவல் எதுவும் திரும்பவில்லை.

ரோட்ரிக்கும் குனிந்து பார்த்தார். "இந்தத் துளையை ரத்தக்குழாய்னு நெனச்சிட்டிருந்தேன்."

"ஆறு வருஷமா என் சீவலைப் பார்த்தும் அப்படியா?" என்றேன்.

எலிகளுக்குச் சாயம் ஏற்றிய குறிப்பேட்டை அனாஹேரா புரட்டினாள். எலியை அசையாமல் பொருத்தும் சட்டத்தை, இந்த இரண்டுக்கும் சாயம் ஏற்றிய வாரம்தான் ஜன்னல் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதுவரை ரோட்ரிக்குக்கு முதுகு காட்டி இருந்த எலி, அன்று முகம் காட்டி இருந்திருக்கிறது. அவருடைய இடம் எலியின் வலம்.

"ஆக, ஆன்ட்டி சரி, எலியும் சரி" என்றாள்.

இரண்டு எலிகளையும் ஒதுக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் ஏற்றினாலும் பாதை அதே பக்கமாகத்தான் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. வீடு வரை நடந்தே வந்தேன். பெருமை தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஜூன் 26, புதன்

ரோட்ரிக் கேக் கொண்டுவந்தார். எலுமிச்சை. அவரே செய்ததாம், நடுவில் குழி விழுந்திருந்தது. தட்டை என் பக்கம் திருப்பினார். ஓர் ஓரத்தில் ஊசித் துளை.

"இது கேக்கோட இடப்பக்கமா, உங்க இடப்பக்கமா?" என்றேன்.

"அதை நீங்கதான் சொல்லணும்" என்று கத்தியை என்னிடம் கொடுத்தார்.

பன்னிரண்டு துண்டு. ஒன்றுகூட உடையவில்லை.