சிறகு பூட்டிய வள்ளத்தில் அம்மா

பேசாலை,
யூலை 9, வியாழன்.

என் அன்பு மகள் கிருஷிகாவுக்கு,

ஆண்டவரின் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் இடது முழங்காலில் இரத்தம் கட்டிய ஒரு கண்டல் மட்டும் உண்டு, அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், பயப்படாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. நீயும் அந்த வெளிநாட்டில் சுகமாக, வேளைக்குச் சாப்பிட்டு, வள்ளம் கட்டுகிற பட்டறைத் தூசி மூக்குக்குள் போகாமல் முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே அப்பா என்று கேட்பாய். உனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடைப்பது பத்து நிமிடம், நான் இந்தக் கதையைத் தொடங்கினால் அந்தப் பத்து நிமிடமும் சிரிப்பிலேயே போய்விடும், நேற்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கொலின்ஸ் மாமா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலை முதலில் திருத்த வேண்டும். செப்டெம்பரில் தனி ஆளாக அத்திலாந்திக் கடலைக் கடக்கிற பாய்மரப் பந்தயத்துக்கு உன் பட்டறைக்காரர் இரண்டு வள்ளம் வைத்திருக்கிறார்கள், ஒன்று நம்முடையதைப் போல வழமையான அடி கொண்டது, மற்றது இரண்டு பக்கமும் சிறகு பூட்டியது, வேகம் வந்ததும் சிறகு தண்ணீரை மிதித்து வள்ளத்தையே மேலே தூக்கிவிடும், எதை எடுக்கிறாய் என்று யூலை இருபதாம் திகதிக்குள் சொல்ல வேண்டும் என்றாய். நான் ஒரு நிமிடமும் யோசிக்காமல் வழமையானதை எடு என்றேன். காரணங்களும் அடுக்கினேன். காற்றுச் செத்த நாளில் சிறகு சும்மா தண்ணீரை இழுத்துக்கொண்டு கிடக்கும், மிதந்து வரும் மரக்கட்டையில் பட்டால் முறியும், நடுக்கடலில் தனி ஆள் அதைத் திருத்த ஏலாது, வழமையானது எத்தனை மொத்து வாங்கினாலும் கரைக்குக் கொண்டு வந்து சேர்க்கும் என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டேன் மகள். நீ வெல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, நீ திரும்பி வர வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். மெதுவான வள்ளத்தில் போனால் கடல் உன்னைச் சும்மா விட்டுவிடும் என்று, முப்பத்தைந்து வருடம் கடலுக்குப் போனவன் நினைத்திருக்கிறேன் பார். மெதுவாகப் போனால் இன்னும் கூட நாள் கடலில் கிடக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அம்மாவின் பக்கம் உனக்குத் தெரிந்ததுதான். பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்ன நவம்பரில் இருந்து எட்டு மாதமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உன் போன் வந்தால் குசினிக்குள் போய்விடுவார், போகும்போதே நீ சாப்பிட்டாயா என்று கேட்கச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டுத்தான் போவார். இங்கே நண்டு வலை எடுக்கக்கூட இரண்டு பேராகத்தான் போவோம், தனியே போகிறவனைப் பார்த்து ஊரே பேசும், அப்படி இருக்க இவள் ஒரு மாதம் தனியே கிடப்பாளாம் என்று அம்மாவுக்கு ஆறவே இல்லை. எந்த வள்ளம் என்பது அம்மாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் என்ன விளக்கம் சொன்னாலும் கடைசியில் ஒரே கேள்விதான், “நித்திரை வந்தா ஆர் பாக்கிறது?” நான் வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கு விசர் பிடித்தது. நீ அனுப்பிய படங்களைப் பார்க்கப் பார்க்கக் கை துருதுருத்தது, செய்து பார்க்காமல் பிள்ளைக்குப் புத்தி சொல்லியிருக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. மன்னாரில் அலுமினியக் கதவு யன்னல் செய்கிற ஹில்மியிடம் போனேன். ஆறரை அடி நீளத்தில் ஒரு சாண் அகலத்தில் தகடு, முன்விளிம்பு மொட்டை, பின்விளிம்பு கூர், நடுவில் கொஞ்சம் வளைவு, கீழே இரண்டரை அடி இறங்குவதற்கு இரண்டு கால் என்று கீறிக் காட்டினேன். எந்த வீட்டுக்கு இந்த யன்னல் என்று கேட்டான். வள்ளம் பறக்க விடப் போகிறேன் என்றதும் தகட்டை வெட்டித் தந்ததோடு, நேற்று அரைநாள் கடையைப் பூட்டிவிட்டு என் பின்னால் வந்துவிட்டான், பறக்காவிட்டாலும் நீங்கள் விழுகிறதைப் பார்க்கலாம் அண்ணே என்றான். பழைய பதினான்கு அடி வள்ளத்தின் அடியில் அதைப் பூட்டி, வள்ளம் எழும்பினாலும் விசிறி தண்ணீரில் நிற்கப் பின்பலகையில் கட்டை வைத்துப் பதினைந்து குதிரைவலு எஞ்சினை வழமையை விடத் தாழ இறக்கினோம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலம் அல்லவா, நம் வடகரை குளம் மாதிரிக் கிடந்தது.

முதல் ஓட்டம் நானும் கொலின்ஸ் மாமாவும். உன் மாமாவின் உடம்பு தெரியும்தானே, எஞ்சின் கத்திய கத்துக்கு வள்ளம் ஓர் அங்குலம் எழும்பவில்லை, கரையில் நின்ற ஹில்மி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இரண்டாவது ஓட்டம் நான் தனியே. இந்தமுறை முன்பக்கம் குதிரை போல எழும்பி வானத்தைப் பார்த்துவிட்டுத் தடால் என்று விழுந்தது, முன்னால் பாரம் இல்லை. பாரமும் வேண்டும், அது மெல்லிய பாரமாகவும் இருக்க வேண்டும். ஹில்மிக்கு நீச்சல் தெரியாது, கும்பிட்டு விலகிவிட்டான். அப்போதுதான் சோறு ஆறுகிறது என்று சொல்ல அம்மா கரைக்கு வந்தார். நாற்பத்தாறு கிலோ. ஏறுகிறாயா கிறேஸ் என்று நான் பகிடிக்குத்தான் கேட்டேன். கடலுக்குப் போகிற வள்ளத்தில் பெண்கள் கால் வைப்பதில்லை என்பது நம் ஊரில் சொல்லாமலே தெரிந்த விசயம், எங்களுக்குக் கலியாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அம்மா என் வள்ளத்தைத் தொட்டுக் கழுவியிருக்கிறாரே தவிர ஏறியதில்லை. கொலின்ஸ் மாமா “அக்கா, வேண்டாம், பிறகு மீன் படாது” என்று கத்தினான். அம்மா செருப்பைக் கழற்றி ஹில்மியின் கையில் கொடுத்துவிட்டு ஏறி முன்னால் குந்திக்கொண்டார். என்ன நினைத்து ஏறினார் என்று இன்னும் நான் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருக்கிறது.

மகள், எழும்பியது! பின்பக்கம் எஞ்சினடியில் ஒரு சாண் மட்டும் தண்ணீரைத் தொட்டபடி, மிச்ச வள்ளம் முழுவதும் காற்றில். முப்பத்தைந்து வருடமாக அலை ஒவ்வொன்றும் வள்ளத்தின் அடியில் அடிக்கிற அடியை என் முதுகெலும்பில் வாங்கியிருக்கிறேன், அது ஒரேயடியாக நின்றுவிட்டது. தகட்டில் இருந்து மெல்லிய ஒரு ரீங்காரம் காலுக்குள் ஏறியது, அவ்வளவுதான். நான் சின்னப் பிள்ளை போலக் கத்தினேன். அம்மா கத்தவில்லை, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு திரும்பாமலே “இன்னும் விடுங்கோ” என்றார். விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்து காற்றில் பின்னால் போனது, உப்புத் தண்ணீரா என் தண்ணீரா என்று தெரியவில்லை. அந்த நிமிடத்தில் உன் பந்தயம் எனக்கு விளங்கியது.

பிறகு நான் செய்த மடத்தனத்தையும் சொல்ல வேண்டும். எதிரே நண்டு வலையின் மிதப்பு தெரிந்தது, வேறு யாருடையதும் அல்ல, காலையில் நானே விட்டது. வலைக்கு மேலால் போகும்போது நாம் என்ன செய்வோம், எஞ்சினின் காலைச் சட்டென்று தூக்கிவிட்டு வழுகிக் கடந்துவிடுவோம். கை தன் பாட்டில் அதைச் செய்தது. எஞ்சினைத் தூக்கினேன், கீழே இரண்டரை அடியில் சிறகு தொங்குகிறது என்பதை மறந்துவிட்டேன். சிறகு வலையை அள்ளிக்கொண்டு நின்றது, வள்ளம் பொத்தென்று விழுந்தது, அம்மா முன்பலகையில் முழங்காலை இடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அம்மா காலைப் பார்க்கவில்லை. சிறகு எங்கே, அதை மேலே தூக்க ஏலாதா என்று கேட்டார். இதைத் தூக்க ஏலாது, பிள்ளையின் வள்ளத்தில் கயிற்றை இழுத்தால் உள்ளே வந்துவிடுமாம் என்று நீ எனக்குச் சொன்னதைச் சொன்னேன். உள்ளே இழுத்தால் வள்ளம் எப்படி நிற்கும் என்று கேட்டார். வழமையான வள்ளம் மாதிரி நிற்கும் என்றேன். அம்மா கத்தியை எடுத்துத் தந்தார், வலையை அறுத்துச் சிறகை விடுவித்தேன். கரைக்கு வரும் வழியில் “இதுக்குத்தானே அவள் போறாள்” என்றார், அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

ஆகவே மகள், என் பழைய பதிலை நான் திரும்ப எடுக்கிறேன். முடிவு உன்னுடையது, நீதான் அதில் கிடக்கப் போகிறவள். ஆனால் வீட்டுத் தீர்ப்பை அம்மா சொல்லிவிட்டார், அப்படியே எழுதச் சொன்னார், “பறக்கிறதையே எடுக்கட்டும். முழிச்சிருக்கேக்க பறக்கட்டும், நித்திரை கொள்ளேக்க சிறகை உள்ள இழுத்துப் போட்டிட்டுக் கொள்ளட்டும்.” எட்டு மாதமாக எனக்குப் பதில் தெரியாத கேள்விக்கு அம்மா தானே பதில் கண்டுபிடித்துவிட்டார். நான் சேர்ப்பது இவ்வளவுதான், விழுகிற விழுகை பொல்லாதது, இடுப்புக் கயிறு இல்லாமல் வெளியே தலை நீட்டாதே, களைத்திருக்கும்போது கை பழகினதைத்தான் செய்யும், அதனால் சிறகை இறக்குவதையும் இழுப்பதையும் கை தானாகச் செய்யும்வரை இப்போதே நூறு தரம் செய்து பழகு. வேகம் போதும் என்று தோன்றினால் போதும்தான், யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும், காற்று உனக்கு நல்ல பக்கமாக அடிக்கட்டும், போகிற கடலும் வருகிற கடலும் உன்னைத் தன் பிள்ளையாகப் பார்க்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. இதையெல்லாம் நீயே பிள்ளைக்குச் சொல்லேன் என்று நான் அம்மாவிடம் கேட்டேன், சொல்லத்தானே போறன் என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா உனக்குப் போன் எடுப்பார், இங்கே எட்டரை, உனக்கு விடிய ஐந்து மணி, எழும்பியிரு. எடுத்தவுடன் அழாதே, நீ அழுதால் அம்மாவும் அழுவார், பிறகு இரண்டு பேரும் பேச மாட்டீர்கள்.

என்றும் உன்னை நினைக்கும்
உன் அப்பா,
சிங்கராசா