சாம்பல் விழுந்த வாரம் திரும்பி வந்த பெட்டிகள்

அன்பு மகள் விந்தாரிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அளவில் நலம். நீயும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க அல்லாஹ் துணையிருக்க வேண்டும். நல்லா இருக்கேன் என்று நீ போனில் சொல்லும்போதே இருமுகிறாய், அது எனக்குக் கேட்காமல் இல்லை. இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி, தொழிற்சாலைக் கேண்டீனில் இஞ்சி கிடைக்காது என்று சொல்லாதே, தைவானில் இஞ்சி இல்லாமலா சமைக்கிறார்கள்.

இதைப் போனில் சொல்ல முடியவில்லை. நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்து வீட்டு சாத்தினாவின் மகள் வியாழக்கிழமை அங்கே புறப்படுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். மூன்று முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ரவுங் மலை மூன்று வாரமாகப் புகைகிறது, துணி காயப்போட்டால் சாம்பல், சோற்றுப் பானையைத் திறந்தால் சாம்பல், ஓட்டின் மேல் பூனை நடந்தால்கூட மலைதான் வெடித்துவிட்டதோ என்று வெளியே ஓடிப் பார்க்கிறேன்.

பவளம் எடுக்க ஆழத்துக்கு முங்கி முங்கி அப்பாவுக்கு இடது கால் மரத்துப்போனதிலிருந்து டாக்டர் கடலில் இறங்கவே கூடாது என்று சொன்னது உனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக முதலாளியின் பவளக் கொட்டகையில் என்னோடுதான் இருந்தார், பவளத் துண்டுகளை ஒட்டுவதற்கு சிமெண்ட் வில்லை வார்ப்பது அவர் வேலை, தொட்டிகளைப் பார்ப்பது என் வேலை. இந்த முறை ஜெர்மனிக்காரனுக்கு மீன்தொட்டிகளில் வைக்க இருபத்திரண்டு பெட்டி உயிர்ப்பவளம் போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அப்பா வர நேரமாயிற்று. அடுத்த நாள் காலையில் நான் தொட்டிகளைப் பார்க்கப் போனால் மூன்றாவது தொட்டியில் ஒரு மூளைப் பவளம், ஓரம் முழுக்க ரத்தச் சிவப்பு. அந்த நிறம் பதினைந்து ஆள் ஆழத்துக்குக் கீழேதான் உண்டு, அதை இந்தக் கரையில் எடுத்து வரத் தெரிந்தவர் ஒருத்தர்தான். நேராக வந்து கேட்டேன். மறைக்கவில்லை. ஒரே ஒரு தடவதான் புள்ள, கீழ போனா கால் வலிக்கவே மாட்டேங்குது, மேல வந்தாத்தான் வலிக்குது என்றார். வலி நிற்கிறது என்று ஒரு மனுஷன் கடலுக்கடியிலேயே இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன். சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசவில்லை.

திங்கள் விடியலில் பெட்டிகளைக் கட்டினோம். ஒவ்வொன்றையும் தனிப் பையில் கடல்நீர் விட்டு, ஆக்சிஜன் அடைத்து, ரப்பர் பேண்டு போட்டு, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி சுகெங்கின் லாரியில் ஏற்றினேன். அவன் படகுத்துறை தாண்டி பாலிக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் சாம்பலால் டென்பசார் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். ராத்திரி முழுக்க வாசலிலேயே காத்திருந்துவிட்டு, செவ்வாய் மத்தியானம் பெட்டிகளோடு திரும்பி வந்து நிற்கிறான். ஹர்த்தோயோ முதலாளி சுரபாயாவிலிருந்து போன் செய்து, பெட்டியத் தொறக்காதீங்க, தொறந்தா அடைச்ச ஆக்சிஜன் போச்சு, நாளைக்கு விமானம் விட்டுடுவான் என்றார். நான் ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்திருந்தேன். பைக்குள் தண்ணீர் அரிசி கழுவின மாதிரிக் கலங்கியிருந்தது, பவளமெல்லாம் கோழை விட்டு, ஈரத்துணி மாதிரி சுருங்கிக் கிடந்தது. முதலாளி, இதுங்க நாளைக்கு வரைக்கும் தாங்காது என்றேன். அதுங்களப் பெத்தது நீங்களா, சொன்னதச் செய்ங்க என்றார். போனை வைத்தேன். பதினொரு வருஷத்தில் அவர் பேச்சை நான் தட்டினதில்லை. கத்தரிக்கோலை எடுத்து முதல் பெட்டியைப் பிரித்தேன்.

தொட்டிகளில் பாதிக்கு மேல் இடமில்லை, அடுத்த சரக்கு நின்றது. கரைக்கு எதிரே மூன்று ஆள் ஆழத்தில் நாம் பவளம் வளர்க்கிற இரும்புத் தட்டிகள் இருக்கின்றனவே, மிச்சத்தை அங்கே கொண்டுபோய் வைப்பதுதான் வழி. அப்பா ஏற்கெனவே காற்றுக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஆழமில்லாத தண்ணிதானே என்றார். அன்றைக்குத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை விந்தாரி. படகில் சுகெங்கும் நானும். அப்பா நாலு பெட்டிப் பவளத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து படகின் விளிம்பைப் பிடித்தார், ஏற முடியவில்லை. இடது கால் தண்ணீரில் கயிறு மாதிரி ஆடுகிறது. இரண்டு பேரும் கையைப் பிடித்து இழுத்துப் போட்டோம். இன்னும் ஏழு பெட்டி கிடக்கிறது. சுகெங்கைப் பார்த்தேன், நான் லாரிக்காரன்க்கா, எனக்குக் குளிக்கிற தண்ணியே அதிகம் என்றான். அப்புறம் நான்தான்.

சின்ன வயதில் கடல்முள்ளி பொறுக்க முங்கியிருக்கிறேன், குழாயை வாயில் வைத்து இறங்கியது இதுதான் முதல் தடவை. வேண்டாம் புள்ள என்று அப்பா பத்து முறை சொன்னார், நான் முங்குகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் வேறு வழியில்லாமல் குழாயை என் இடுப்பில் கட்டிவிட்டுப் பாடம் சொன்னார். மூச்ச அடக்காத, மேல வரும்போது விட்டுக்கிட்டே வா, நான் குழாய ஒரு இழுப்பு இழுத்தா நீயும் ஒரு இழுப்பு இழு, நல்லா இருக்கேன்னு அர்த்தம் என்றார். கூடையில் பவளத்தோடு இறங்கினேன். முதலில் காதுக்குள், படகிலிருந்து குழாய்க்குக் காற்று அடிக்கிற எந்திரத்தின் சத்தம் மட்டும்தான், பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு தட்டிகளைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நீல விளக்குக்குக் கீழே இவைகளைப் பார்த்தவள், கடலில் இருக்கும்போது பார்த்ததே இல்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. நான் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனேன், இழுப்பை மறந்தே போனேன்.

திடீரென்று குழாய் என்னைத் தூக்கியது. தூக்கிய வேகத்தில் மூச்சை விட வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் வந்தது, அல்லாஹ் காப்பாற்றினான். மேலே வந்தால் அப்பா படகில் மண்டியிட்டு, குழாயை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்திருக்கிறார். ஒரு தடவ இழுத்தேன் பதில் இல்ல, ரெண்டு தடவ இழுத்தேன் பதில் இல்ல, நான் இங்க செத்துட்டேன்டி என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பத்தொம்பது வருஷமா நான் கரையில அப்படித்தாங்க இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. அவர் கூடையில் அடுத்த பவளத்தை எடுத்து வைத்தார். நான் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினேன், அவர் குழாயை இழுத்துக்கொண்டே இருந்தார், நானும் பதிலுக்கு இழுத்துக்கொண்டே வேலையை முடித்தேன்.

விமானம் நாலாம் நாள்தான் போனது. மூன்று பெட்டி அளவு செத்துப்போனது, மற்றதெல்லாம் பிழைத்து எழுந்தது. அப்பா கொண்டுவந்த சிவப்பு மூளைப் பவளம்தான் முதலில் செத்தது. முதலாளி நேரில் வந்து தொட்டி தொட்டியாகப் பார்த்தார், நன்றி என்று சொல்லவில்லை, இனிமே இப்படிப் பண்றதா இருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவே போதும். அப்பாவை மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், டாக்டர் திட்டின திட்டு தெருவுக்கே கேட்டிருக்கும். காலில் முழங்காலுக்கு மேல் உணர்ச்சி வந்துவிட்டது, கீழே இன்னும் இல்லை, கோல் ஊன்றி நடக்கிறார். பயப்படாதே. பயப்படாதே என்று எழுதுகிற எனக்கே பயம்தான்.

இப்போது சொல்ல வந்த விஷயம். ரமலானுக்குப் புதிய காற்று எந்திரம் வாங்கித் தருவதாக நீ அப்பாவிடம் சொன்னாயாம், அவரே அன்றைக்குப் படகைக் கட்டும்போது சொன்னார். வேண்டாம்னு நானே விந்தாரிகிட்ட சொல்லிடறேன் என்றும் சொன்னார். நான் நம்பினேன். போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது என்ன சொன்னார் தெரியுமா, இங்கே சாம்பல், அங்கே மழையா என்று கேட்டுவிட்டு என்னிடம் போனைக் கொடுத்துவிட்டார். முந்தாநாள் பார்க்கிறேன், வாசலில் உட்கார்ந்து அந்த முங்குகிற கண்ணாடியை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்துக்கொண்டிருக்கிறார். எதுக்குங்க என்றேன். உப்பு படிஞ்சா ரப்பர் வீணாப்போகும்ல என்றார். அது எந்த மனதோடு சொன்னது என்று எனக்குப் பிடிபடவில்லை, அதிலிருந்து உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

நானாகத் தடுத்தால் சண்டைதான் மிஞ்சும். நீயாக மாட்டேன் என்றாலும் மனம் ஒடிந்துபோவார். அதனால் ஞாயிறு கூப்பிடும்போது, அப்பா, எங்கிட்ட என்னமோ சொல்லணும்னு இருந்தீங்களாமே என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு நீ எதுவும் பேசாதே. இருமல் வந்தாலும் அடக்கிக்கொள். அவர் வாயால் சொல்லும் வரைக்கும் போனை வைக்காதே, எத்தனை நேரம் ஆனாலும் நான் பக்கத்திலேயே இருப்பேன்.

உன் ஆயுளையும் உன் உழைப்பையும் அல்லாஹ் பரக்கத்தாக்கி வைக்க ஐந்து வேளையும் கேட்கிறேன். கம்பளியைத் துவைத்துப் போட்டுக்கொள், ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன் அம்மா,
மிஸ்னாத்தி