கோபத்துக்கு ஒரு ஆமென்

இன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குக் கிளம்பலாம் என்று பீரோவிலிருந்து வெள்ளைப் புடவையை எடுத்து உதறினேன். மடிப்புக்குள்ளிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் தரையில் விழுந்தது. செக்கிங் டேபிளில் பனியனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்திலும் எண்ணெய்க் கறையிலும் ஒட்டுவீர்களே அக்கா, அதேதான். யாராவது அசந்தால் அவர்கள் தோளிலும் ஒட்டிவிட்டு, "ஏட்டி, ஒரு டேமேஜ் பீஸ் நடந்து போவுது பாருங்க" என்று ஹால் முழுக்கக் கேட்கச் சிரிப்பீர்கள். என்றைக்கு என் மேல் ஒட்டினீர்களோ தெரியவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து அழுதும் முடித்தாயிற்று. இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் போய் இரண்டு ஐப்பசி மழை பெய்து ஓய்ந்துவிட்டது. யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் போனதும், உங்களை வைத்து நான் நம்பிய சாமியும் என்னை விட்டுப் போய்விடும் என்றுதான் பயந்தேன். சாவுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

நல்லூர் பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் டைலர். என் மகள், பாப்பா, போன பிறகு, வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்குத் திரும்பி வந்தேன். ஒரு வாரம் தாங்காத காய்ச்சல் அவளைக் கொண்டு போயிருந்தது. கம்பெனியில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "வயசு கெடக்குது கண்ணு, இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்று ஒரு அம்மா சொன்னபோது எனக்கு வந்ததே கோபம்! "பீஸ் கொறஞ்சா வேற வெட்டித் தர்றதுக்கு எம்புள்ள என்ன பனியனுங்களா?" என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் ஒருவரும் என் பக்கம் வரவில்லை. நானும் வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நீங்கள் மட்டும் மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். ஆறுதல் சொல்லவில்லை. பைபிள் பேசவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து, "பிள்ளைக்கு என்னட்டி பேரு?" என்று கேட்டீர்கள்.

கீர்த்தனா என்றேன். காரியம் முடிந்த பிறகு அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தப் பேரைச் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள், "கீர்த்தனாவுக்கு என்ன கொழம்பு பிடிக்கும்?" என்று கேட்டீர்கள். அதற்கடுத்த நாள், மழலையில் என்னவெல்லாம் சொல்வாள் என்று கேட்டீர்கள். தினம் ஒரு கேள்வி. பெல் அடிக்கும்வரை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு மனுஷி, பார்த்தே இராத என் பிள்ளையை அந்தப் படிக்கட்டில் வைத்து வளர்த்தீர்கள் அக்கா.

ஒரு நாள் நானாகத்தான் சண்டைக்கு வந்தேன். "ஏனுங்க்கா, உங்க ஏசு சாமி செத்தவங்களையெல்லாம் எழுப்பிச்சுன்னு சொல்றீங்க. எம்புள்ளைய மட்டும் ஏனுங்க எழுப்பல?" என்றேன். நீங்கள் ஏதாவது வசனம் எடுத்து விடுவீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு நாலு கேட்கலாம் என்றுதான் காத்திருந்தேன்.

"தெரியலட்டி. எனக்கும் அவரு சொல்லல" என்றீர்கள். உங்கள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அந்த ஒரு பதிலுக்காகத்தான் புதன்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வந்தேன். வேறு எதற்காகவும் இல்லை.

லைன் வீட்டு வாசலில் பாய் விரித்து, பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் தலையில் கம்பெனிப் பஞ்சு ஒட்டியிருந்தது. பாட்டு, ஜெபம், அதற்கப்புறம் சாட்சி என்று ஒன்று. ஒவ்வொருவராக எழுந்து, கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமாம். மகனுக்கு வேலை கிடைத்தது என்றார் ஒருவர். முதுகுவலி போயிற்று என்றார் ஒருவர். சொல்லி முடித்ததும் எல்லோரும் ஆமென் என்றார்கள். சில வாரம் கழித்து, கூட்டம் நடத்தும் ஐயா என்னைப் பார்த்து, "புதுசா வந்த சகோதரி, கர்த்தர் உங்களுக்குச் சமாதானம் தந்திருக்காரில்ல? எழுந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

எழுந்து நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் வாய் வேறு சொல்லிவிட்டது. "எனக்கு இன்னும் கோபம் போகலீங்க. உங்க சாமி மேலதானுங்க கோபம்."

ஐயா தொண்டையைச் செருமினார். அப்போது பின்னாலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி நீங்கள் "ஆமென்!" என்றீர்கள். ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் மூலையில் ஒருத்தி விசும்பினாள். அவளுக்கும் என்ன துக்கமோ. நான் உட்கார்ந்துவிட்டேன். கோபத்தோடு உள்ளே வரலாம், செருப்பைப்போல் அதை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வர வேண்டியதில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். கவர்மெண்ட் இலவசமாகக் கொடுத்த டிவியில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "அங்க போயிட்டு வந்தா ஒரு வாய் சோறு திங்கற. போயிட்டு வா" என்றார். அவருக்கு அதற்கு மேல் பேச வராது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆறியது. தூக்கம் வந்தது. பாப்பாவின் கவுனைக் கையில் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு மடித்து வைக்க முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து ஞானஸ்நானமும் எடுத்தேன். தண்ணீரிலிருந்து ஏறி வந்தவளுக்குத் துண்டைக் கொடுத்து, "சளி பிடிக்கப்போவுது, சவமே, தொவட்டு" என்று திட்டியது நீங்கள்தான்.

அப்புறம் உங்களுக்கு வந்தது. கோயம்புத்தூரில் பார்த்து, கட்டி முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் சர்ச்சில் உங்களை எழுப்பி நிறுத்தி, "சுகமாயிட்டேன்னு விசுவாசத்தோட அறிக்கை பண்ணுங்க சிஸ்டர். வாயால சொன்னா நடக்கும்" என்றார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள் பெஞ்சை விடவே இல்லை என்பதைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைப் பார்த்த மத்தியானம், வந்திருந்தவர்களெல்லாம் சுகத்துக்காக ஜெபித்துவிட்டுப் போன பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஏட்டி, அன்னைக்குச் சர்ச்சுல நான் சொன்னது பொய்யா? ஆண்டவர் சந்நிதியில நின்னு பொய் சொல்லிட்டனா?" என்றீர்கள். சாவை விட உங்களை அது தின்றுகொண்டிருந்தது.

"பொய் இல்லீங்கக்கா. அது ஆசைங்க. ஆசைய அவருகிட்ட சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லுவீங்க?" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று எனக்கே தெரியாது.

"பயமா இருக்குட்டி. போக மனசே இல்ல. நீ எனக்காக ஜெபம் பண்ணு" என்றீர்கள். நான் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. சர்ச்சில் பேசும் அந்தத் தமிழ் எனக்கு வராது. "சாமி, அக்காளுக்குப் பயமா இருக்குதுங்க. நீங்க பக்கத்துலயே இருங்க. எங்கயும் போயறாதீங்க. அவ்வளவுதானுங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நோவோடு சிரித்தீர்கள். அப்புறம் என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனீர்கள்.

அடக்கத்தன்று, "விசுவாசம் கொஞ்சம் கொறஞ்சிருச்சு போல" என்று ஒருவர் முணுமுணுத்தார். "வாயக் கழுவிட்டு வாங்க!" என்று பெட்டிக்குப் பக்கத்திலிருந்தே கத்தினேன். அன்றிலிருந்து நான் சர்ச்சுக்குப் போகவில்லை. பைபிளை டிரங்குப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அவ்வளவுதான், அக்காவோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம், அதே படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தேன். சோறு இறங்கவில்லை. ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "பாப்பாவ எடுத்தீங்க, சரி. இந்த அக்காளையும் எடுத்தீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்குதுங்களா? நான் இனி யாரு பக்கத்துல உக்காந்து சோறு திங்கறது?" என்று வாய்விட்டே கேட்டேன். மேலே ஏறி வந்த பீகார் பெண் மிரண்டுபோய், சுவரோரமாக ஒதுங்கிப் போனாள். நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே இருந்தேன். பெல் அடிக்கும் நேரத்தில்தான் உறைத்தது. ஆளே இல்லை என்று முடிவு கட்டியவள், இவ்வளவு நேரம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

அக்கா, பாப்பா ஏன் போனாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. நீங்கள் ஏன் போனீர்கள் என்றும் தெரியாது. சர்ச்சுக்கு மறுபடி போகிறேன், சில ஞாயிறு பாட்டுப் பாட வாய் வருவதில்லை. பாப்பாவைக் கேட்டேன், தரவில்லை. உங்களைக் கேட்டேன், தரவில்லை. ஆனால் நான் கத்தி முடிக்கும்வரை அவர் எழுந்து போகவில்லை அக்கா.