ஈயச்சொம்பில் நான் போட்ட ஒட்டு

12 ஆகஸ்ட் 1931, புதன். பாலிகஞ்ச், கல்கத்தா.

குழந்தை ராஜி இப்போதுதான் தூங்கினாள். வயிற்றுவலி விடாததால் இன்று பெங்காலி டாக்டரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறின் ஓரமாகக் கருநீலக் கோடு ஓடியிருந்தது. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

"வேற எதுவும் வயத்துல தங்கல. ரசஞ்சாதம் மட்டும்தான் குடுக்கறோம்" என்றாள் என் மனைவி.

ரசம் வைக்கும் பாத்திரத்தைக் கேட்டார். ஈயச்சொம்பைக் கொண்டுவந்தாள்.

அது முன்பு ஒழுகிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் வேறு ஈயச்சொம்பு கிடைக்காது. போன மாதம் ஆபீஸ் மோட்டாரின் பழைய பாட்டரியை உடைத்து, தகடுகளைச் சமையலறைக் குமுட்டி அடுப்பிலேயே உருக்கி ஓட்டையை அடைத்தேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு. அதைச் சொன்னதும் டாக்டர் விளக்கினார்: சொம்பு வெள்ளீயம்தான், நான் போட்ட ஒட்டு காரீயமாம், விஷமாம். புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடுமாம். உருக்கிய புகையும் ஆகாதாம்.

மனைவி சொம்பை எடுத்துக் கொல்லையில் வைத்துவிட்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

வலி கூடக் கூட, ரசம்தான் ஒத்துக்கொள்ளும் என்று அதையே கொடுத்தோம். நேற்று குழந்தை வாயை இறுக்க மூடிக்கொண்டாள். "இன்னும் ஒரே ஒரு வாய்டி கண்ணா" என்று கெஞ்சி, நான்தான் ஊட்டினேன்.