ஆறு செவ்வாய் யோசித்த காரியம்

ஓரெப்ரூ, அக்டோபர் 14

அன்பு மகள் உல்ரிகாவுக்கு,

அம்மா எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் வெலிங்டன் காற்றில் பறந்துபோகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீ, "கையெழுத்துப் போட்டுத் தொலைம்மா, நீ எப்பவுமே அவசரக்காரிதானே" என்றாய், அந்த வாய்க்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் கட்டடத்துப் பொதுத் துணி துவைக்கும் அறையில் செவ்வாய் காலை பத்து மணி முப்பத்தோரு வருடமாக எனக்கு ஒதுக்கிய நேரம். மேல்மாடி ஹில்டிங், அந்தத் தனிக்கட்டைத் தபால்காரன், ஆறு செவ்வாய் தொடர்ந்து என் நேரத்தில் தன் துணியை இயந்திரத்திலேயே விட்டுவைத்தான். ஏழாவது செவ்வாய் அவனுடைய ஈரத்துணி அத்தனையையும், உள்ளாடை உட்பட, முற்றத்துக் கொடிக்கம்பத்தில் ஏற்றினேன். உடனே குடியிருப்போர் சங்கம் ஒரு காகிதத்தை நீட்டியது. நான் 'இம்புல்சீவ்', அதாவது யோசிக்காமல் சட்டென்று செய்துவிட்டேன் என்று கையெழுத்திட்டால் மன்னிப்பு, இல்லாவிட்டால் ஒரு வருடம் அந்த அறைப் பக்கமே போகக் கூடாது. அகராதிகளைப் புரட்டினேன். நம் மொழியில் மட்டுமில்லை, டேனிஷ்காரன், நார்வேக்காரன், ஜெர்மன்காரன் எல்லோரிடமும் இதே சொல்தான் இருக்கிறது. இத்தனை பேர் சேர்ந்து சொன்னாலும் பொய் பொய்தான்.

கூட்டத்தில் தலைவி அன்னெலி, "ஒரு வார்த்தைதானே குன்போரி, போட்டுட்டீங்கன்னா காப்பி குடிக்கலாம், பன்னு ஆறுது" என்று கெஞ்சினாள். நான் நாட்காட்டியை விரித்தேன். ஆறு வாரம் யோசித்தது, கயிற்றை அளந்தது, காற்றடிக்கும் நாளாகப் பார்த்தது எல்லாம் அதில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாக் கைகளும் எனக்கு எதிராக உயர்ந்தன, ஒன்றைத் தவிர. ஹில்டிங் எழுந்து, "சின்னது மேல, பெருசு கீழன்னு வரிசையா கட்டியிருந்தாங்க, சட்டுனு செஞ்ச வேலையா அது? தப்பு என்மேலதான்" என்றான். பெற்ற மகளுக்குப் புரியாதது அந்தத் தடியனுக்குப் புரிந்தது!

இப்போது குளியல் தொட்டியில் கையால் துவைக்கிறேன், முழங்கால் கத்துகிறது. நேற்று அவன் கதவைத் தட்டி, "உங்க துணியையும் என் நேரத்துல போட்டுடறேனே" என்றான். உன் தயவு வேண்டாம் என்றேன். "தயவில்ல, பயம்" என்று சொல்லி வாசலில் ஒரு காலிக் கூடையை வைத்துவிட்டுப் போனான். அதில் போர்வைகளை மட்டும் போட்டிருக்கிறேன். உள்ளாடை கிடையாது.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். அன்னெலிக்குப் போன் செய்து என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடாதே.

இதில் மட்டும் கையெழுத்திடும்,
உன் அம்மா
குன்போரி