உன் மகள் அணைத்த விளக்கு

என் செல்லச் சண்டைக்காரா, பாலா அண்ணா,

நேற்று நடந்தது இன்னும் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உன்னிடம் சொன்னாலாவது அடங்குமா, பார்க்கிறேன்.

நீ பார்க்காமலே போன உன் மகள் இப்போது வீடெல்லாம் தவழ்கிறாள். நீ ஆசைப்பட்ட யாழினி என்ற பெயரைத்தான் வைத்தோம். அவள் பிறந்த அன்று அவளைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் பறந்தாய். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை. செலண்டார் ஊரிலிருந்து துக்கத்துக்கு வந்த பெரியம்மா, "அப்பனை முழுங்கிட்டுப் பொறந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எவ்வளவு கொழுப்பு பார்!

நம் அப்பா அதையே பிடித்துக்கொண்டார். பேத்தியைத் தூக்கியதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணியும் எத்தனை நாள் பொறுப்பாள்? வருஷத் திதி முடிந்ததும் பிள்ளையோடு சுங்கை ரம்பாயில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள்.

உன் படத்துக்கு ஒரு சிவப்பு பல்பு எரிகிறது. திதிவரை அணையக்கூடாதென்று அப்பா சுவிட்சின்மேல் கறுப்பு டேப் ஒட்டி, பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார்.

உன் மகளுக்கோ எல்லாமே அதிசயம். குழாய்த் தண்ணீரைப் பிடிக்கிறாள். கையைத் திறந்தால் ஒன்றுமில்லை. நான்தான் எடுத்து ஒளித்துவைத்தேன் என்பதுபோல் என்னை முறைக்கிறாள். பால்மாவு டின் மூடி உருண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். இத்தனை வயதுக்கு நான் ஒரு மூடி உருள்வதைப் பார்த்ததே இல்லையே, அண்ணா!

நேற்றுக் காலை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் படத்துக்குப் பூ வைத்தேன். அதற்குள் டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, சர்ரென்று உரித்துவிட்டாள். டக்! டேப்போடு சுவிட்சும் இழுபட்டு விளக்கு போய்விட்டது.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். சமையலறையிலிருந்து ஓடிவந்த அண்ணி, "மாமா, வேணாம் மாமா!" என்று அலறினாள்.

சிவப்பு வெளிச்சம் போனதும் படத்தின் கண்ணாடியில் எங்கள் முகம் தெரிந்தது. உன் மீசைக்கு மேலே உன் மகள் முகம், பக்கத்தில் அப்பா முகம். அவள் கெக்கெக்கென்று சிரித்தாள். கண்ணாடியில் தெரிந்த தாத்தாவைத் தொட்டாள். பிறகு திரும்பி, நிஜத் தாத்தாவின் கன்னத்தைத் தொட்டாள். அங்கேயும் இருக்கிறார், இங்கேயும் இருக்கிறாரே! அவளால் நம்ப முடியவில்லை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. "அவன் கண்ணுதான் லா இது..." என்றார் அப்பா. அவரே சுவிட்சைப் போட்டார். அவள் வாயைப் பிளந்தாள்.

"இன்னொரு தடவை அமுக்கு, யாழினி."

அண்ணா, யாழினி என்றார்! அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அணையக்கூடாத உன் விளக்கு எத்தனை முறை அணைந்து எரிந்ததோ, நான் எண்ணவில்லை. உனக்குக் கோபமா?

சாயங்காலம் ரொட்டிக்காரர் மோட்டாரில் வந்து ஹாரன் அடித்தார். நீ போனதிலிருந்து மோட்டார் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிறவர் அப்பா. நேற்று பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய், "பாப்பாவுக்கு இன்னொரு தடவை ஹாரன் அடி லா" என்று கேட்கிறார்.

அண்ணி இங்கேயே இருப்பாளா? இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி அப்பாவுக்குச் சோறு போட்டபோது பிள்ளையை அவர் மடியில் விட்டாள்.

டேப்பைக் குப்பையில் போட்டுவிட்டேன். நீ உன் மகளைப் பார்க்கத்தானே வந்துகொண்டிருந்தாய்? அவள் இங்கே இருக்கும் ஒவ்வொரு காலையும் விளக்கைக் கொஞ்சம் அணைத்துவிட்டு, அவளை உன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பேன். சத்தியம். நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் மகளின் அத்தை,
உன் வாயாடித் தங்கச்சி மாலா